வக்கீலைக் கேளுங்கள்: எலும்பு மாத்திரையும் நஷ்ட ஈடும்

போன மாதம் இந்தப் பகுதியில் மருந்துக் கம்பெனிகள் மீதான வழக்குகளைப் பற்றி எழுதியபோது, எலும்பு உறுதிக்கான மாத்திரை சாப்பிட்டுத் தொடை எலும்பு முறிந்த அமெரிக்கப் பெண்களின் வழக்கை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல், டாக்டர் இல்லை. அப்புறம் இன்னொன்று: நம் ஊரில் முழங்கால் மூட்டு தேய்வதையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்கிறோம், எலும்பு உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து சல்லடை மாதிரி ஆவதையும் அதே பெயரில் சொல்கிறோம். இங்கே பேசுவது இரண்டாவதை மட்டும். டாக்டர் சீட்டில் ஆஸ்டியோபோரோசிஸ் என்று எழுதுவது இதைத்தான். மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதற வேண்டாம்.

எலும்பை உறுதியாக்கக் கொடுத்த மாத்திரையே எலும்பை முறித்தது என்பது விசித்திரமாக இருக்கிறதே? அந்த அமெரிக்க வழக்கில் யார் ஜெயித்தார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

விசித்திரம்தான், ஆனால் காரணம் எளிது. நம் எலும்பு சும்மா இருப்பதில்லை. ஒரு வகை செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை அந்தக் குழியில் புது எலும்பை நிரப்பும். வயதாகும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, தோண்டுவது அதிகமாகி நிரப்புவது பின்தங்கிவிடுகிறது. அலென்ட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் தோண்டும் செல்களை அடக்கி வைக்கின்றன. இடுப்பு முறிவும் முதுகெலும்பு நொறுங்குவதும் அதனால் நன்றாகவே குறைகின்றன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தினமும் நடந்து நடந்து எலும்பில் விழும் மயிரிழை விரிசல்களைச் சரி செய்வதற்கும் அதே தோண்டல் தேவை. தெருவைத் தோண்டவே கூடாது என்று மாநகராட்சி உத்தரவு போட்டால் தெரு அழகாகத்தான் இருக்கும், உள்ளே உடைந்த குழாயை யார் மாற்றுவது? பல வருடம் சாப்பிட்ட சிலருக்குத் தொடை எலும்பு, விழாமல் கொள்ளாமல், நின்ற இடத்தில் குறுக்காக முறிந்தது இப்படித்தான் என்று கருதுகிறார்கள்.

வழக்கு ஃபோசமாக்ஸ் பற்றியது. அலென்ட்ரோனேட் முதலில் விற்பனைக்கு வந்த பெயர் அது, தயாரித்தது மெர்க் கம்பெனி, 1995இல் எலும்பு அடர்த்திக் குறைவுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்குப் போட்டவர்கள் 500 பேருக்கு மேல், 1999க்கும் 2010க்கும் இடையே தொடை எலும்பு முறிந்தவர்கள். அவர்கள் சொன்னது ‘மருந்து கெட்டது’ என்று அல்ல. ‘இப்படி நடக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தும் மருந்தோடு வரும் தாளில் எச்சரிக்கவில்லை’ என்பதுதான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

கம்பெனியின் பதில் சாமர்த்தியமானது. ‘நாங்கள் எச்சரிக்கத் தயாராகத்தான் இருந்தோம், அரசாங்கம்தான் விடவில்லை.’ நடந்தது என்னவென்றால், 2008இல் மெர்க், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ.விடம் ஒரு திருத்தம் கொடுத்தது, தொடை எலும்பு முறிவைப் பற்றித் தாளில் இரண்டு இடங்களில் சேர்க்கலாம் என்று. 2009 மே மாதம் எஃப்.டி.ஏ. பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்தது. முன்னெச்சரிக்கைப் பகுதிக்கு எழுதிக் கொடுத்த வாசகத்தை மட்டும் ஏற்கவில்லை. அந்த வாசகம் ‘அழுத்த முறிவு’ என்று, விளையாட்டு வீரர்களுக்கு வருமே அந்த மாதிரிச் சாதாரண முறிவாக, திரும்பத் திரும்பப் பேசியது. ஆக, எஃப்.டி.ஏ. மறுத்தது எச்சரிக்கையையா, அல்லது அதை மழுப்பி எழுதிய சொல்லையா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பத்து வருடத்துக்கு மேல் வழக்கு ஓடியது. 2010 அக்டோபரில் எஃப்.டி.ஏ.வே எல்லா பிஸ்பாஸ்போனேட் மருந்துகளிலும் இந்த எச்சரிக்கையைப் போடச் சொல்லிவிட்டது, அதுவும் ‘அழுத்த முறிவு’ என்று மழுப்பாமல்.

வழக்கின் ஜாதகத்தைப் பாருங்கள். 2013இல் ஜூரி முன் போன முதல் வழக்கில் கம்பெனி ஜெயித்தது. 2014இல் நியூ ஜெர்சி நீதிபதி, எச்சரிக்கை போதவில்லை என்ற மற்ற வழக்குகளையும் மொத்தமாகத் தள்ளினார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2019 மே 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், எஃப்.டி.ஏ. மறுத்ததா இல்லையா என்பதை ஜூரி அல்ல, நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிக் கீழே திருப்பி அனுப்பியது. 2022இல் நீதிபதி மறுபடி கம்பெனி பக்கம். 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி நோயாளிகள் பக்கம், வழக்குக்குத் தடை இல்லை என்று. இவ்வளவும் வழக்கை நடத்தலாமா கூடாதா என்பதற்குத்தான். வழக்குப் போட்டவர்களில் பலர் அப்போதே வயதானவர்கள். நாம் நம் ஊர் கோர்ட்டில்தான் வாய்தா என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம்!

தாடை எலும்பு அழுகியதற்குத்தான் பெரிய தொகை கொடுத்தார்கள் என்று என் பல் டாக்டர் சொன்னார். இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும் பல் பிடுங்கவே யோசிக்கிறார்.
– வாசகி, திருச்சி

டாக்டர் யோசிப்பது சரி, ஆனால் தொகையைப் பற்றி அவர் கேள்விப்பட்டது பாதிக் கதை. 2003இல் மயாமியில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை நிபுணர், இதே குடும்பத்து மருந்துகளை ஊசி வழியாகப் பெற்றவர்களுக்குத் தாடை எலும்பு ஈறைத் தாண்டி வெளியே தெரிந்து ஆறாமல் கிடந்ததை எழுதினார், 36 பேர். பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக அளவில் மருந்து ஏற்றிக்கொண்டவர்கள். 2005இல் ஃபோசமாக்ஸ் தாளிலும் அது ஏறியது. வழக்குகள் 2006இல் நியூயார்க்கில் ஒரே நீதிபதியிடம் சேர்க்கப்பட்டன.

2010 ஜூனில் ஒரு பெண்ணுக்கு ஜூரி 80 லட்சம் டாலர் என்றது. செய்தி உலகம் முழுக்கப் போனது. சில மாதம் கழித்து நீதிபதி இது அதிகம் என்று 15 லட்சமாகக் குறைத்தது அந்த அளவுக்குப் போகவில்லை. 2013இல் இன்னொருவருக்கு ஜூரி கொடுத்தது 2,85,000 டாலர். தீர்ப்பு வரை போன மற்ற வழக்குகளில் பெரும்பாலும் கம்பெனிதான் ஜெயித்தது. கடைசியில் 2013 டிசம்பரில் ஏறக்குறைய 1,200 பேருக்குமாகச் சேர்த்து 2 கோடியே 77 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 23,000 டாலர். அதிலும் வக்கீல் ஃபீஸ் போகும். தாடையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மெல்ல முடியாமல் இருப்பவருக்கு அந்த நாட்டு விலைவாசியில் இது ஒரு தொகையே இல்லை.

உங்கள் பல்லுக்கு வருகிறேன். எலும்பு அடர்த்திக்காகச் சாப்பிடும் அளவில் இந்தத் தாடைப் பிரச்சினை மிக அபூர்வம், லட்சம் பேரில் ஒருவரிலிருந்து பத்துப் பேர் வரை என்பது 2015இல் சர்வதேச நிபுணர் குழு சொன்ன கணக்கு. பல் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னீர்களே, அதுதான் முக்கியம், நம்மில் பலர் ‘பல்லுக்கும் எலும்பு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்’ என்று சொல்வதே இல்லை. பிடுங்கியே ஆக வேண்டுமா, எப்படிச் செய்வது என்பதை அவரும் மாத்திரை எழுதிய டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

என் அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள். 2011இலிருந்து வாரம் ஒரு எலும்பு மாத்திரை, இன்ஷூரன்ஸில் வரும் மலிவு வகை. போன வருடம் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவளும் வழக்கில் சேரலாமா?
– வாசகி, கும்பகோணம்

இதற்குப் பதில் எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அசல் மருந்தின் காப்புரிமை 2008இல் முடிந்ததும், அதே அலென்ட்ரோனேட்டைப் பல கம்பெனிகள் மலிவாகத் தயாரித்தன. மருந்து அதேதான், வேலையும் அதேதான். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி மலிவு வகை தயாரிப்பவர் அசல் மருந்தின் தாளை அப்படியே நகல் எடுக்க வேண்டும், சொந்தமாக எச்சரிக்கை சேர்க்க உரிமை இல்லை. உரிமையே இல்லாதவன் மீது ‘நீ ஏன் எச்சரிக்கவில்லை’ என்று எப்படி வழக்குப் போடுவது? 2011இல் வேறொரு மருந்து பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அசல் மருந்தைச் சாப்பிட்டவர் வழக்குப் போடலாம், அதையே மலிவாகச் சாப்பிட்டவருக்கு வழி அநேகமாக இல்லை. அநியாயம் என்று நீங்கள் நினைத்தால் நானும் உங்கள் கட்சி.

போதாததற்கு, உங்கள் அக்கா சாப்பிட ஆரம்பித்தபோது தாளில் அந்த எச்சரிக்கை ஏறிவிட்டது. ஆகவே கம்பெனியை விட, இத்தனை வருடம் யார் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள், நடுவில் தொடை வலி என்று சொன்னாரா, சொன்னபோது எக்ஸ்ரே எடுத்தார்களா என்பதுதான் அங்கே வக்கீல் கேட்கும் கேள்வியாக இருக்கும். நியூ ஜெர்சியில் உடல் பாதிப்பு வழக்குக்குக் கெடு 2 வருடம். போக வேண்டுமானால் சீக்கிரம் அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. 9 வருடமாக வாரம் ஒரு மாத்திரை, ஒரே டாக்டர், ஒரே சீட்டு. இரண்டு மாதம் தொடை வலிக்கிறது என்றார், நரம்பு வலி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் சமையலறையில் திரும்பும்போதே எலும்பு முறிந்தது, விழக்கூட இல்லை. இங்கே இதற்கு வழக்குப் போட முடியுமா?
– வாசகர், மதுரை

சட்டம் கிடக்கட்டும், முதலில் அம்மாவின் இன்னொரு தொடையை எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? இந்த வகை முறிவு இரண்டு பக்கமும் வரக்கூடியது. மற்ற காலில் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலும்பு டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சரி, சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதில் பொருளால் வந்த பாதிப்புக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு கொடுக்காவிட்டாலும் பொறுப்பு, பிரிவு 84. படித்தால் நம்பிக்கை வரும். ஆனால் நேராகப் பிரிவு 87க்கு வாருங்கள். நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய பொருளாக இருந்து, தயாரிப்பாளர் அந்த நிபுணருக்கு எச்சரிக்கையைத் தெரிவிக்க நியாயமான வழி செய்திருந்தால் அவர் தப்பித்துவிடலாம். டாக்டர் சீட்டு மருந்து என்றால் நிபுணர் யார்? டாக்டர். அவருக்குப் போகும் தாளில் இந்த எச்சரிக்கை இருந்தால் போதும், அது உங்கள் அம்மா கைக்கு வந்ததா என்று சட்டம் அதிகம் கேட்காது. நம் ஊரில் பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்களே, அதில் எந்தத் தாள் வந்தது?

ஆக, கம்பெனி மீது போவது கடினம். டாக்டர் மீது போவதும் சுலபமில்லை, ஆனால் அங்கே பேச விஷயம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘பக்கவிளைவைச் சொல்லவில்லை’ என்று மட்டும் போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்கான சம்மதம் பற்றிய 2008 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அபூர்வமான ஆபத்தையெல்லாம் டாக்டர் விவரிக்கத் தேவையில்லை என்கிறது. இது அபூர்வ ஆபத்துதான். எனவே நானாக இருந்தால் ‘சொல்லவில்லை’ என்பதை விட்டுவிட்டு ‘பார்க்கவில்லை’ என்பதைப் பிடிப்பேன். மாத்திரையாக என்றால் சுமார் 5 வருடம், இதே குடும்பத்து வருடாந்திர ஊசி என்றால் 3 வருடம் ஆனதும், தொடர வேண்டுமா, கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாமா என்று மறுபடி யோசிப்பது இன்று வழக்கமான மருத்துவ நடைமுறை. மருந்து எலும்பிலேயே தங்கிவிடுவதால் நிறுத்தினாலும் பலன் உடனே போய்விடாது. 9 வருடத்தில் ஒரு முறையாவது அந்த யோசனை நடந்ததா? எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்களா? இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தொடை வலி என்று சொன்னபோது ஏன் எக்ஸ்ரே இல்லை? இந்த மூன்றுக்கும் கேஸ் ஷீட்டில் பதில் இல்லையென்றால் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். முறிவு அந்தக் குறிப்பிட்ட வகைதான் என்று வேறொரு எலும்பு நிபுணர் எக்ஸ்ரே பார்த்து எழுதித் தர வேண்டும். வயதான எலும்பு சாதாரணமாகவே முறியும் என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லும் முதல் வாதம்.

எழுத்து மூலம் கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான நடத்தை விதி. கேளுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே மிக முக்கியம், கம்பி வைத்த பிறகு எடுத்ததை வைத்து முறிவு எந்த வகை என்று நிரூபிப்பது கஷ்டம். பழைய சீட்டுகள், மருந்துக்கடை பில்கள் எல்லாம் வேண்டும். பில்லே வாங்கவில்லை என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும். சீட்டின் ஓரத்தில் கடை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் உதவும். கெடு 2 வருடம். தொகை எவ்வளவு கேட்டாலும், எந்த நுகர்வோர் ஆணையம் என்பது சிகிச்சைக்கு நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான், 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் 1800-180-3024க்கு ஒரு போன் செய்யுங்கள். மருந்துகளின் பாதிப்பைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இலவச எண். இதனால் ஒரு பைசா வராது. ஆனால் அமெரிக்க வழக்கே ‘தெரிந்திருந்தும் ஏன் எச்சரிக்கவில்லை’ என்பதில்தான் தொடங்கியது என்று மேலே பார்த்தோமே, இங்கே யாருக்கும் தெரியாமலே இருப்பதற்குப் பாதிக் காரணம் நாம் யாருமே சொல்வதில்லை.

அமெரிக்க வக்கீல் அலுவலகம் என்று வாட்ஸ்அப்பில் பேசினார்கள். எலும்பு மாத்திரை வழக்கில் அம்மா பெயரைச் சேர்க்க 15,000 ரூபாய் பதிவுக் கட்டணமாம்.
– வாசகர், சேலம்

கொடுக்காதீர்கள். அங்கே இந்த மாதிரி வழக்கு நடத்தும் வக்கீல்கள் ஜெயித்தால் வரும் தொகையில் ஒரு பங்கை எடுப்பார்கள், முன்பணம் கேட்பதில்லை. சேலத்தில் மாத்திரை வாங்கியவருக்கு நியூ ஜெர்சி கோர்ட்டில் வேலையும் இல்லை. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. நான் இரண்டு வருடமாகத்தான் சாப்பிடுகிறேன். நிறுத்தட்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்காமல். 2020இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட 2 லட்சம் பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் 10,000 பேர் 3 வருடம் இந்த மருந்தை எடுத்தால் 149 இடுப்பு முறிவு தடுக்கப்படுகிறது, இந்த விசித்திரத் தொடை முறிவு வருவது 2. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு 91 தடுக்கப்பட்டு 8 வருகிறது. ஆசியர் என்று ஒரே பெட்டியில் போட்டிருக்கிறார்கள், எனவே அதே எண் தமிழ்ப் பெண்களுக்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் லாபக் கணக்கு மருந்தின் பக்கம்தான்.

தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாமல் வாரக் கணக்கில் வலி இருந்தால் ‘இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்லி எக்ஸ்ரே கேளுங்கள். அப்புறம், மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்காமல். என் சித்தி காலைக் காபியோடு விழுங்கிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார், மாத்திரை உடம்பில் சேர்வது பாதிக்கும் கீழே போய்விடும், உணவுக்குழாய் புண்ணாவதுதான் மிச்சம். எந்த வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது அல்வா.

மாத்திரை வேண்டாம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு ஊசிக்கு மாறிவிட்டேன். இதில் பிரச்சினை இல்லைதானே?
– வாசகி, சென்னை

அது டெனோசுமாப் ஆக இருந்தால் வேறு மருந்து, வேறு பிரச்சினை. மாத்திரை மாதிரி எலும்பில் தங்காது. ஊசியைத் தள்ளிப்போட்டாலோ நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவு வந்தவர்கள் உண்டு, ஆகவே நிறுத்துவதென்றால் அடுத்து என்ன மருந்து என்று முடிவு செய்த பிறகுதான். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2024 ஜனவரியில் தாளில் கட்டம் கட்டிப் போடும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. உங்களுக்கு அது இல்லையென்று நினைக்கிறேன். கடைசி ஊசி என்று போட்டீர்கள் என்று எழுதவில்லையே, ஐந்து மாதம் தாண்டியிருந்தால் இன்றைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.